முகூர்த்தப் புடவையும் நான் எழுதிய பைண்டிங்கும்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு விளக்கம் வரும். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், அந்தப் பல் எந்தக் காலத்தில் எப்படி முளைத்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே லைசென்ஸ் ஏன் வீட்டில் இருக்கிறது என்று விளக்கிவிடுவேன் (அவர் கை காட்டியது எனக்குப் பின்னால் வந்த லாரிக்கு. ஆனாலும் அபராதம் கட்டியது நான்தான்). வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் என் வாழ்க்கையின் பாதித் தொல்லைகள் வந்திருக்காது. மீதிப் பாதி, நான் எழுதிய ஒரு பைண்டிங்கால் வந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே நாளில் வந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பைண்டிங் என்றால் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதல்ல (என் அம்மா பல வருஷம் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்). சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியை, அதாவது கட்டளைத் தொகுப்பை, வேறொரு மொழியிலிருந்து பயன்படுத்த வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பைண்டிங். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்வது சுலபம். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தத் தொழில். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரே ஒரு ஷட்டர் உள்ள கடை வைத்திருந்தேன். வாசலில் 'கம்ப்யூட்டர் டிசைன்' என்று போர்டு. பட்டுப் புடவையில் அன்னமோ மாங்காயோ வரவேண்டுமென்றால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு அட்டை என்பது புடவையில் ஒரு வரி. முன்பெல்லாம் அந்த ஓட்டைகளைக் கையால் குத்தினார்கள். நான் கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து மெஷினில் குத்திக் கொடுத்தேன்.

மெஷினை ஓட்டுவதற்கு அதோடு ஒரு லைப்ரரி வந்தது. சி மொழி. எனக்குக் காலேஜிலிருந்தே சி என்றால் உடம்பு நடுங்கும். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைத்தாயா என்று கேட்கும் மொழி அது. அப்போதுதான் பைதான் என்ற இன்னொரு மொழியைப் படித்து, உலகமே லேசாகிவிட்டது போன்ற மிதப்பில் இருந்தேன். சியைப் பைதானுக்குள் ஒளித்து வைத்துவிட்டால் அப்புறம் அதன் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று முடிவுசெய்து, நானே பைண்டிங் எழுத உட்கார்ந்தேன்.

லைப்ரரிக்குப் படத்தைக் கொடுப்பது என்றால் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. 'இன்ன தெருவில் இன்ன வீட்டில் படம் இருக்கிறது' என்று விலாசத்தை மட்டும் கொடுக்க வேண்டும். அது ஒவ்வொரு அட்டைக்கும் அந்த வீட்டுக்குப் போய், ஒரு வரியைப் படித்து வந்து குத்தும். பைதான் அப்படியில்லை. அது கறாரான வீட்டுக்காரர். ஒரு வீட்டை யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றினால், உடனே காலிசெய்து அடுத்த ஆளைக் குடிவைத்துவிடும். 'லைப்ரரி இன்னும் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது, காலி பண்ணாதே' என்று பைதானிடம் சொல்ல வேண்டியது நடுவில் இருப்பவனின் வேலை.

அதற்கென்றே லைப்ரரியில் படத்தைப் பிடித்துவைக்க ஒரு கட்டளை, குத்த ஒரு கட்டளை, வேலை முடிந்தபின் விட்டுவிட ஒரு கட்டளை என்று தனித்தனியாக இருந்தன. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. எல்லாவற்றையும் சுருட்டி ஒரே வரியாக்கினேன். படத்தின் பெயரைச் சொல்லிக் 'குத்து' என்றால் குத்தும், அவ்வளவுதான். பிடித்துவைப்பது, விடுவது எல்லாம் தானே நடந்துகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வரியை எழுதி முடித்துவிட்டுத் தெருமுனைக் கடையில் டீ குடிக்கும்போது, உலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் கஷ்டப்பட்டு வேலை செய்கிறார்களே என்று பரிதாபப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தெருவில் ஏகாம்பரம் ஐயா. சொந்தமாகத் தறிகள் வைத்திருந்தவர். அவருடைய பெண் மரகதத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதில் சந்தோஷத்தைவிடப் பயம் அதிகம். ஏனென்றால் அதற்கு முன் ஒரு சம்பந்தம், பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் கலைந்துபோயிருந்தது. போனவர்கள் காரணம் சொல்லவில்லை. சொல்லாமல் போனதால் ஊர் ஆளுக்கொரு காரணத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டது. இன்னொரு முறை அப்படி நடந்தால் அந்தப் பெண் வெளியே தலைகாட்ட முடியாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஐயா அந்த வருஷம் முழுக்கச் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை தணிகாசலம், ஆரணி. அப்பா இல்லாத பையன். எல்லாவற்றுக்கும் தாய்மாமன் ஜலகண்டன்தான். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. ஆனால் தறி வைத்திருக்கும் வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் கடைக்குப் போவார்களா? பட்டும் ஜரிகையும் அவர்கள் வாங்கித் தருவது, நெய்வது பெண் வீட்டுத் தறியில் என்று பேசினார்கள். ஐயா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவைக்கான பாவில் (நீளவாட்டில் ஓடும் இழைகளில்) மஞ்சள் வைத்து, பெண்ணின் பேரைச் சொல்லித் தறியேற்றிவிட்டால் அது அவளுடையது. பாதியில் அறுக்கக்கூடாது, பிறகு வேறு புடவையும் மாற்றக்கூடாது. மாற்றினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. கேட்கும்படியாக அவர்கள் முகத்தை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

முந்திக்கு மரகதமே டிசைன் சொன்னாள். மேலே கலசங்களோடு கோபுரம், அதன் கீழே வரிசையாக அன்னங்கள். அரக்கு நிறப் புடவையில் தங்க ஜரிகை. நான் வரைந்து காட்டினேன். ஐயா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடி பிறந்துவிட்டால் தறியேற்றமாட்டார்கள், சீக்கிரம் அட்டை வேண்டும் என்றார். மறுநாளே குத்தித் தருவதாகச் சொன்னேன்.

அதுவரை நான் குத்தியதெல்லாம் கரைக்கான சின்னச் சின்னப் படங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இந்த முந்தி பெரிய படம், பகல் முழுக்க ஓடும். மெஷின் ஒரு பக்கம் 'டக் டக்' என்று குத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பொழுது போகவில்லை. (ஒரு மனிதன் தன் அழிவைத் தேடிக்கொள்வது எப்போதும் பொழுது போகாத வேளையில்தான்.)

அப்போது அம்மா எனக்கும் பெண் தேடிக்கொண்டிருந்தாள். ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோவில் முகப்பரு தெரிகிறது என்று தரகர் குறை சொல்லியிருந்தார். டிசைன் வரையும் அதே புரோகிராமில் என் போட்டோவைத் திறந்தேன். கோபுரப் படம் இருந்த இடத்தில் என் படம் வந்து உட்கார்ந்தது. திரையில்தான் உட்கார்ந்தது என்று நினைத்தேன். வலது கன்னத்தில் ஒவ்வொரு பருவாக அழித்துக்கொண்டே வந்தேன். இடது கன்னத்துக்கு வருவதற்குள் சலித்துப்போய் விட்டுவிட்டேன். சாயங்காலம் அட்டைகளை அடுக்கி, கோக்கச் சொல்லி அனுப்பினேன். ஓட்டைகளைப் பார்த்து இது கோபுரமா குரங்கா என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. மாதிரிக்குக் கொஞ்சம் நெய்து பார்க்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று சிரித்ததும் நான்தான்.

தறியில் உட்கார்ந்தவர் முனுசாமி. ஐயாவிடம் வெகுகாலமாக நெய்பவர். முந்தியை முதலில் நெய்து, தறியில் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டு, பிறகு உடலுக்குப் போனார். சுருட்டியது சுருட்டியதுதான், அறுத்து எடுக்கும்வரை யாரும் பார்க்க வழியில்லை. ஐயாவோ ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துக்கொண்டு அலைந்தார்.

புடவையை ஒப்படைக்க நல்ல நாள் பார்த்து, ஆரணியிலிருந்து வேன் வந்தது. ஐயா வீட்டுக் கூடம் நிறைய ஜமக்காளம். டிசைன் போட்டவன் என்ற மரியாதையில் என்னையும் அம்மாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இலையில் கோயில் இட்லி. நான் இரண்டாவது இட்லியை விண்டுகொண்டிருந்தபோது ஜலகண்டன் தட்டிலிருந்த புடவையை எடுத்து, "முந்திய காட்டுங்கப்பா, பாக்கலாம்" என்று உதறி விரித்தார்.

மேலே கலசங்கள் இருந்தன. கோபுரத்தின் உச்சியும் இருந்தது. அதற்குக் கீழே அன்னங்கள் இல்லை. ஒரு ஜோடிக் கண்கள் இருந்தன. கண்களைச் சுற்றித் தங்கத்தில் மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே மூக்கு, தங்க மீசை, சட்டைக் காலர். படத்தில் கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஜரிகை என்பது நானே போட்ட கணக்கு. வலது கன்னம் சுத்தமாக இருந்தது. இடது கன்னத்தில் தங்கப் பருக்கள் ஜொலித்தன.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து, முந்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டாள்:

"எந்தக் கோயில் சாமிம்மா இது? தலையிலயே கலசம் இருக்குதே."

"சாமி கண்ணாடி போட்டுக்கினு இருக்குது, பாரு" என்றார் ஜலகண்டன்.

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நானும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயில் பாதி இட்லி. கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் யாரும் கொடுத்திருக்க முடியாது.

முனுசாமியைக் கூப்பிட்டார்கள். அவருக்கு எதுவும் விபரீதமாகத் தோன்றவில்லை. "மாப்ள மொகம்னு நெனச்சிக்கினேன்பா" என்றார். இப்போதெல்லாம் பெரிய இடங்களில் பெண் மாப்பிள்ளை முகத்தை முந்தியில் போடுகிறார்கள், அது மாதிரி ஏதோ ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். மூக்கு பக்கத்தில் இழை அறுந்து கொஞ்சம் சிரமப்பட்டாராம், ஆனால் கடைசியில் நன்றாக வந்ததாம். தணிகாசலத்துக்கு மீசையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அவன் முந்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரம் ஐயா மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். தட்டில் இருந்த பூவை எடுத்து என் முகத்தின் மேல் வைத்து மறைத்தார். மறைக்கத்தான் வைத்தார். ஆனால் பூ வைத்த என் படத்தைப் பார்த்தபோது, பக்கத்தில் ஓர் ஊதுவத்தி ஏற்றினால் நான் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆனது போலத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்திருந்தாலும் தேவலை என்றும் இருந்தது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது.

"ஏகாம்பரம்" என்றார் ஜலகண்டன். குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பையன் மூஞ்சி ஒம் பொண்ணு முந்தியில எப்படி வந்துது?"

ஐயா வாயைத் திறப்பதற்குள் எனக்கு விளக்கம் வந்துவிட்டது.

என்ன நடந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்திருந்தது. 'காலி பண்ணாதே' என்று பைண்டிங் பைதானிடம் சொல்லவில்லை. பைதான் கோபுரத்தைக் காலிசெய்துவிட்டு, அதே இடத்தில் என்னைக் குடிவைத்தது. லைப்ரரி வழக்கம்போல அந்தக் கதவைத் தட்டி, உள்ளே இருந்தவனைக் குத்திவிட்டது. இதை எளிமையாகச் சொல்லிவிட்டால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள் என்று நம்பினேன்.

"அந்த வீட்ல மொதல்ல அன்னம்தான் இருந்துதுங்க" என்று ஆரம்பித்தேன். "அதைக் காலி பண்ணிட்டாங்க. காலியா இருக்குதுன்னு நான் உள்ள போயிட்டேன். வெளிய இருக்கறவங்களுக்கு அது தெரியாது."

"யாரு வீட்டுக்குள்ள போனே?" என்றார் ஜலகண்டன்.

"வீடுன்னா வீடு இல்லீங்க. விலாசம். விலாசம் மட்டும்தான் குடுக்கறது. உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கமாட்டாங்க."

"எத்தினி நாளா போய்க்கினு இருக்கே?"

அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "டேய் கச்சபேசு, வாய மூட்றா" என்றாள். அவள் வாழ்நாளில் எனக்குக் கொடுத்த அறிவுரைகளிலேயே சிறந்தது அதுதான். நான் கேட்கவில்லை. பதற்றம் என்பது மலையிறக்கத்தில் பிரேக் போன சைக்கிள் மாதிரி. மிதிக்காமலேயே வேகம் கூடும். வாங்க, நேரிலேயே காட்டுகிறேன், கடை அடுத்த தெருதான், இப்போதே உங்கள் கண்முன்னால் இதே தப்பைத் திரும்பச் செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் நான், பின்னால் ஜலகண்டன், தணிகாசலம், இன்னும் சில ஆரணிக்காரர்கள், கடைசியில் செருப்பு போடாமல் ஏகாம்பரம் ஐயா. கடைக்குள் நிற்க இடமில்லை. கோபுரப் படத்தைத் திறந்து, "இதோ பாருங்க, இது கோபுரம்" என்றேன். மெஷினை ஓடவிட்டேன். அடுத்து என் போட்டோவைத் திறந்து, "இதோ பாருங்க, இது நான்" என்றேன் (பார்க்காமல் எப்படி இருப்பார்கள்?). கொஞ்ச நேரம் குத்தவிட்டு நிறுத்தினேன். லைப்ரரி படித்துக்கொண்டிருந்த படம் முழுவதையும் திரையில் வரவழைத்தேன். என் முகம் வரவேண்டும்.

அன்னம் வந்தது.

மறுபடியும் செய்தேன். மறுபடியும் அன்னம். கழுத்தைத் தூக்கிக்கொண்டு, வரிசை பிசகாமல், ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துக்கொண்டு. நான் எழுதிய புரோகிராம்களில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஒழுங்காக ஓடியது வேறெதுவும் இல்லை. ஒரு முறையாவது தப்பாக வா என்று கச்சபேஸ்வரரை வேண்டிக்கொண்டேன். எத்தனையோ பேர் தப்பு வரக்கூடாது என்று வேண்டும் சாமியிடம் தப்பு வரவேண்டும் என்று வேண்டியவனை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? மூன்றாவது தடவை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

(ஏன் வரவில்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. பயத்தில் "இதோ பாருங்க, இதோ பாருங்க" என்று ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஜன்னலில் திறந்து, மூடாமலே வைத்திருந்தேன். திரையில் இருக்கும் படத்தைப் பைதான் காலிசெய்யாது. அதாவது நான் விளக்கிய விளக்கமே என் சாட்சியைக் கலைத்துவிட்டது.)

இருட்டில் ஜலகண்டன் சொன்னார்: "மெஷின் சரியாத்தான் இருக்குது. ஆளுதான் சரியில்ல." திரும்பி நடந்தோம். வேன் டிரைவரை எழுப்பச் சொல்லி அவர் தணிகாசலத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் அவர் எத்தனை வருஷமாக நடக்கிறார்! அன்றைக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். எனக்கு முதன்முறையாக விளக்கம் எதுவும் வரவில்லை.

கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜலகண்டன் புடவையை மடித்துத் தட்டில் வைத்து, தட்டை ஐயாவிடம் நீட்டினார். பேச்சை முறிப்பதற்கு அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை. ஐயா கையை நீட்டவில்லை. நீட்டினால் முடிந்துவிடும்.

உள்ளறைக் கதவு திறந்து மரகதம் வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்படிப் பெண் வெளியே வருவது வழக்கமில்லை. தட்டிலிருந்த முந்தியை உருவி, முகம் தெரியும்படி பிடித்து, என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த மூஞ்சிய நல்லாப் பாருங்க. நேர்லயும் பாருங்க, ஜரிகையிலயும் பாருங்க. ஒருத்தி ஆசப்பட்டு இதைத் தன் முந்தியில போட்டுக்குவாளா?"

ஆரணியிலிருந்து வந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவசரப்படாமல் பார்த்தார்கள். பெரியம்மா கிட்டே வந்து, கழுத்தைச் சாய்த்து, இடது கன்னத்தைக் கூர்ந்து பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அம்மா உட்பட.

முதலில் சிரித்தவன் தணிகாசலம். அடக்கப் பார்த்து முடியாமல், சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் சிரித்ததும் பெரியம்மா. பிறகு எல்லோரும். மரகதம் மட்டும் அங்கேயே முந்தியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடி அழுதாள் (என் மூக்கின் மேல்). தணிகாசலம் தட்டை மாமன் கையிலிருந்து வாங்கி ஜமக்காளத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடலாம் மாமா, பசிக்குது" என்றான்.

ஜலகண்டன் சிரிக்கவில்லை. கை கழுவப் போகும்போது என் காதருகே குனிந்து சொன்னார்: "பொண்ணு மேல தப்பில்ல. ஒத்துக்கறேன். ஆனா உனுக்கு ஆச இருந்துக்குது. இல்லன்னா இவ்ளோ பேசமாட்டே."

அவளுக்கென்று தறியேறிய புடவையை மாற்றக்கூடாது என்பதால், அதையேதான் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். என் முகத்தை நாலாக மடித்து ஊக்கு குத்தித் தோளில் போட்டிருந்தார்கள். என்னைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, நாயனச் சத்தம் கேட்டுக்கொண்டே அந்தப் பைண்டிங்கில் விட்டுப்போன வரியை எழுதினேன். குத்தி முடியும்வரை படத்தைப் பிடித்துவைத்துக்கொள், பிறகு விடு. ஒரே ஒரு வரிதான். கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் மடிப்பு விலகி, என் வலது கண் மட்டும் அவள் தோளுக்கு மேல் தெரியும். முடிச்சு சரியாக விழுகிறதா என்று சரிபார்க்கிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு எனக்குப் பெண் கிடைக்கச் சில வருஷங்கள் ஆயின. விசாரிக்க வருகிறவர்களுக்குத் தெருமுனையிலேயே முழு விவரமும் கிடைத்துவிடும். கோமதி வீட்டார் வேலூர்க்காரர்கள், விசாரிக்கச் சோம்பல்பட்டவர்கள். அதனால் பிழைத்தேன். இன்றுவரை பைண்டிங் எழுதித்தான் சோறு. யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் எப்போது விட வேண்டும் என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

சில வருஷங்களுக்கு முன்பு தணிகாசலம் போன் செய்தான். மாமாவுக்கு முடியவில்லை, வேலூரில் ஆஸ்பத்திரி, கையை விரித்துவிட்டார்கள், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். கோமதியோடு போனேன். ஜலகண்டன் கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கிட்டே வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"நா போகப்போறேன். இப்பனா நெசத்தச் சொல்லு. ஆசதானே?"

"மாமா, அது என்னன்னா, லைப்ரரி ஒரு விலாசத்தை…" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவன் பொய்யைத்தான் சொல்லப்போகிறான் என்ற அலுப்பு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மரகதம் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லிடுண்ணா, போற உசுரு" என்றாள். தணிகாசலமும் தலையாட்டினான். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கம் எதுவும் இல்லாமல் பதில் சொன்னேன்.

"ஆமா மாமா."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனுக்குத் தெரியும்" என்றார். பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனார். எல்லோரும் அழுதோம். நான் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

மறுநாள் காலையில் எழுந்து இட்லி கேட்டார். அடுத்த வாரம் குழாயை எடுத்தார்கள். இப்போது ஆரணியில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார். காலை மாலை இரண்டு வேளையும் கடைத்தெருவுக்குப் போகிறார், போகிற இடத்திலெல்லாம் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்று சொல்கிறார். உண்மையை வாங்காமல் உயிர் போகக்கூடாது என்றுதான் திரும்பி வந்தேன் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் போனால், இரண்டு தலைமுறை ஆட்கள் எனக்குத் தனியாகப் பாயசம் கொண்டுவந்து கொடுத்து, பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

கோமதி இதற்காக என்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. பட்டுப்புடவை எடுக்கக் கடைக்குப் போனால் மட்டும், கடைக்காரர் விரிக்கும் ஒவ்வொரு முந்தியையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். என்னம்மா தேடறீங்க என்று அவர் கேட்டால் அலுத்துக்கொள்வாள்:

"ஊரான் பொண்ணுக்கு முந்தி முழுக்க மூஞ்சி வந்துது. கட்டிக்கினவளுக்கு ஒரு ஜாக்கெட் பிட்டுலகூட இன்னும் மூக்கு வரலையேப்பா."